பள்ளிச் சீரமைப்பும் பயிற்றுமொழியும்: பெங்களூர் சிவாஜிநகர்க் குடும்பங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

நகர்ப்புற அரசுப் பள்ளிகளின் தளர்ச்சி பற்றியும் அவற்றைச் சீரமைக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் பற்றியும் கல்வியியலார் பலர் எழுதியுள்ளனர். அவ்வெழுத்துகள் பெரும்பாலும் கட்டடம், மாணவர் எண்ணிக்கை, தேர்ச்சி விழுக்காடு ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டவை. பள்ளி மாறும்போது வீட்டின் மொழிநிலை என்னவாகிறது என்பது அவற்றில் போதிய இடம் பெறவில்லை. பன்மொழிச் சூழல் கொண்ட நகரங்களில் இவ்வினா தலைமையானது.

பெங்களூரின் சிவாஜிநகர்ப் பகுதியை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணங்கள் இரண்டு. தமிழ், தக்கினி உருது, கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் ஆகியவை ஒரே தெருவில் வழங்கும் பகுதி அது. மேலும், அண்மைக் காலத்தில் ஓர் அரசுப் பள்ளி தனியார் பொருளுதவியால் விரைந்து சீரமைக்கப்பட்டு, அவ்வுதவி ஒரே மாதத்தில் அறுந்துபோன நிகழ்வும் அங்கேயே நடந்தது. ஒரு பள்ளியின் சீரமைப்பு என்பது கட்டடம், ஆசிரியர், பயிற்றுமொழி என்னும் மூன்று கூறுகளின் மாற்றமாகும். இம்மூன்றும் ஒரே தன்மையின அல்ல. ஒவ்வொன்றும் குடும்பத்தின்மீது வெவ்வேறு வகையான சுமையை ஏற்றுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

1. குடியிருப்பும் மொழிகளும்

பெங்களூர்ப் படைக்குடியிருப்பு 1809இல் அமைந்தது. சென்னைப் படைப்பிரிவுகளோடு வந்த சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர்கள், வணிகர்கள், கைவினைஞர்கள், வீட்டுப் பணியாளர்கள் ஆகியோரில் பெரும்பகுதியினர் தமிழ் வழங்கும் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். இவர்கள் குடியேறிய பகுதிகளுள் ஒன்று பிளாக்பள்ளி. பிற்காலத்தில் அதுவே சிவாஜிநகர் எனப் பெயர் பெற்றது. பிளாக்பள்ளி என்னும் பெயரைக் கன்னடத்தின் ‘பிளி அக்கி’ (வெள்ளரிசி) என்பதோடு பொருத்துவாரும், குடியிருப்பை அமைத்த ஆங்கில அலுவலர் ஒருவரின் பெயரோடு பொருத்துவாரும் உளர். ஊர்ப்பெயரே பல மொழிகளுக்கிடையில் நிற்பது இப்பகுதியின் இயல்புக்குப் பொருத்தமானது எனலாம்.

1881இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோது இக்குடியிருப்பு ஒப்படைக்கப்படவில்லை. ‘சிவில் அண்டு மிலிடெரி ஸ்டேஷன்’ என்னும் பெயரில் 1947 வரை ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியிலேயே இருந்தது. எனவே பழைய பேட்டைப் பகுதியில் கன்னடத்துக்கு இருந்த நிர்வாகச் சிறப்பு இங்கே அதற்கு வாய்க்கவில்லை. தமிழும் உருதும் தெருவிலும் கடையிலும் வழிபாட்டிடத்திலும், ஆங்கிலம் அலுவலகத்திலும் வழங்கின. ஆர்க்காடு நாராயணசாமி முதலியாரின் கல்வி அறநிலையம் 1873இல் தோன்றியது. கிறித்தவ, இசுலாமிய அமைப்புகளும் தத்தம் பள்ளிகளை நடத்தின. 1949இல் குடியிருப்பும் பேட்டையும் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன. அதுவரை இருவேறு ஆட்சிமொழி மரபில் வளர்ந்த பள்ளிகள் அதன்பின் ஒரே கல்வித்துறையின் கீழ் இயங்கத் தொடங்கின.

சிவாஜிநகரின் மொழிகள் தனித்தனிப் பெட்டிகளில் அடைபட்டவை அல்ல என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தென்னாட்டுத் தக்கினி உருதில் ‘போல்கே’ (சொல்லி) என்னும் சொல் தமிழின் ‘என்று’, கன்னடத்தின் ‘எந்து’ ஆகியவற்றைப் போலவே மேற்கோள் இடைச்சொல்லாக வழங்குகிறது. தலைமுறை தலைமுறையாகத் திராவிட மொழியினரோடு வாழ்ந்ததன் பயன் இது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட லப்பை முசுலிம்கள் உருதிலும் பழகினர். தமிழ்க் கடைக்காரர் தக்கினியில் விலை பேசினார். வீட்டில் ஒன்று, சந்தையில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று என்ற பகிர்வே இப்பகுதியினரின் மொழித்திறனாக அமைந்தது.

2. பதிவேட்டில் தாய்மொழி

வாழ்க்கையில் பலவாக இருந்த மொழி பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ‘தாய்மொழி’ என்ற ஒரு கட்டத்தில் ஒரு சொல்லே எழுதப்படும். அச்சொல்லைக் கொண்டே குழந்தை எவ்வகுப்பில் அமரும், எவ்வெழுத்தைக் கற்கும் என்பவை முடிவாயின.

1949 ஆகஸ்டில் நடந்த மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு சிறுபான்மை மொழிக் குழந்தைகளின் தொடக்கக் கல்விக்கு ஓர் எண்ணிக்கை வரம்பை வகுத்தது. பள்ளி முழுவதிலும் 40 மாணவரோ ஒரு வகுப்பில் 10 மாணவரோ இருப்பின் அவர்தம் தாய்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரேனும் அமர்த்தப்பட வேண்டும் என்பது அவ்வரம்பு. 1956இல் அரசமைப்பின் ஏழாம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு, தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி அளிக்க முயல்வதை மாநிலங்களின் பொறுப்பாக்கியது.

இவ்வரம்பு சிறுபான்மை மொழிக்குக் காப்பாக அமைந்தது. ஆயின் அதற்குள்ளேயே ஒரு நலிவும் இருந்தது. எண்ணிக்கை இருக்கும்வரை ஆசிரியர் உண்டு; எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியரைக் கோரும் உரிமையும் குறையும். ஆசிரியர் ஓய்வுபெற்று அவ்விடம் நிரப்பப்படாதபோது பெற்றோர் குழந்தையை வேறு பள்ளிக்கு மாற்றுவர். மாற்றியதால் எண்ணிக்கை மேலும் குறையும். அக்குறைவே ஆசிரியரை அமர்த்தாமைக்குக் காரணமாகக் காட்டப்படும். தமிழாசிரியர் இடங்கள் நிரப்பப்படாமை பெங்களூர்த் தமிழர் அமைப்புகள் நெடுங்காலமாக எழுப்பிவரும் குறையாகும். பள்ளியை மூடுமாறு எவரும் ஆணையிடாமலேயே ஒரு பயிற்றுமொழி மறைவது இவ்வழியால் நிகழ்வதாகும்.

3. பயிற்றுமொழி ஆணைகளும் அரசுப் பள்ளியின் தளர்ச்சியும்

வி. கிரு. கோகாக் தலைமையிலான குழு 1981 சனவரியில் தன் அறிக்கையை அளித்தது. உயர்நிலைப் பள்ளிகளில் கன்னடமே ஒரே முதல்மொழியாக வேண்டும் என அது பரிந்துரைத்தது. அதனை நிறைவேற்றக் கோரி எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து 1982இல் அரசாணைகள் வந்தன. மாநிலத்தின் பெரும்பான்மை மொழி தலைநகரிலேயே ஓரங்கட்டப்பட்டது என்னும் கன்னடத்தாரின் மனக்குறைக்கு வரலாற்று அடிப்படை உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின்படி பெங்களூரில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவாகவே இருந்துவந்துள்ளனர். எனினும் முதல்மொழி பற்றிய ஆணை, தமிழ், உருதுக் குடும்பங்களுக்குத் தம் மொழியின் எதிர்காலம் பற்றிய அச்சத்தைத் தந்தது.

1989 சனவரியில் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் கட்டாயப் பகுதிகளைச் செல்லாதவையாக்கியது. அதன்பின் திருத்தி வெளியிடப்பட்ட ஆணையை உச்சநீதிமன்றம் 1993 திசம்பரில் ஏற்றுக்கொண்டது. 1994 ஏப்ரலில் வந்த ஆணை, முதல் நான்கு வகுப்புகளில் தாய்மொழியோ கன்னடமோதான் பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்றது. தனியார் பள்ளிகள் இதனை எதிர்த்து வழக்கிட்டன. உயர்நீதிமன்றம் 2008 சூலையில் அவற்றுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றத்தின் அரசமைப்பு ஆயமும் 2014 மே 6 அன்று, தாய்மொழியைப் பயிற்றுமொழியாகத் திணிக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என முடிவு செய்தது.

இவ்வரிசையில் மொழிக் கொள்கையின் நோக்கம் ஒன்றாகவும் விளைவு வேறாகவும் அமைந்ததைக் காணமுடிகிறது. தாய்மொழிவழிக் கல்வியைக் காக்கும் கொள்கை இறுதியில் அரசுப் பள்ளியில் மட்டுமே நடைமுறையில் நின்றது. கட்டணம் செலுத்த இயன்றோர் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளை நாடினர். இயலாதோர் அரசுப் பள்ளியில் இருந்தனர். இதனால் தாய்மொழிவழிக் கல்வி என்பது ஓர் உரிமையாக அன்றி, ஏழ்மையின் அடையாளமாகவே பெற்றோர் கண்ணுக்குத் தோன்றலாயிற்று. ‘மீடியம்’ என்னும் ஆங்கிலச் சொல் சிவாஜிநகரின் எல்லா மொழிகளிலும் கடன்சொல்லாக நுழைந்து, ‘மீடியம்’ என்றாலே ஆங்கிலவழி என்று பொருள்படும் அளவுக்குப் பொருள் குறுகியது. பள்ளியின் தரம், பயிற்றுமொழி, குடும்பத்தின் தகுதி ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் அடங்கின.

4. ஒபைதுல்லா அரசுப் பள்ளியின் சீரமைப்பு

இவ்வாறு தளர்ந்த பள்ளிகளுள் ஒன்று சிவாஜிநகரின் வி. கே. ஒபைதுல்லா அரசுப் பள்ளி. 2010களின் பிற்பகுதியில், அரசும் தனியாரும் இணைந்து செயற்படும் ஏற்பாட்டின்கீழ் ஐ மானிட்டரி அட்வைசரி (ஐ.எம்.ஏ.) என்னும் நிறுவனம் இப்பள்ளியைப் பொறுப்பேற்றது. 2006இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், வட்டி விலக்கப்பட்ட, இசுலாமிய நெறிக்கு உகந்த வருவாய் தருவதாகக் கூறிப் பொதுமக்களிடமிருந்து முதலீடு பெற்றது. லேடி கர்சன் சாலையில் இருந்த அதன் அலுவலகமும் நகைக்கடையும் சிவாஜிநகர் மக்கள் நாள்தோறும் கண்டவை. பள்ளிக்குப் பொருள் வழங்கியவரும் குடும்பங்களின் சேமிப்பைப் பெற்றவரும் ஒருவரே என்பது இந்நிகழ்வின் தனித்தன்மை.

சீரமைப்பில் மேற்குறித்த மூன்று கூறுகளும் ஒருங்கே மாறின. கட்டடம் புதுப்பிக்கப்பட்டது, வகுப்பறைகளில் கணினித் திரைகள் வந்தன. அரசு அமர்த்திய சிலரோடு நிறுவனத்தின் ஊதியத்தில் பல ஆசிரியர்கள் சேர்க்கப்பட்டனர். ஆங்கிலவழிக் கல்வி முன்னிறுத்தப்பட்டது. மாணவர் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே பன்மடங்காகப் பெருகியது. அரசுப் பள்ளியை வேண்டாதவர்கள் பெற்றோர் என்னும் பொதுக் கருத்து இதனால் பொய்யாயிற்று. அவர்கள் வேண்டாதது ஆசிரியரற்ற பள்ளியை. வேண்டியது கட்டணமின்றிக் கிடைக்கும் ஆங்கிலவழிக் கல்வியை. அது கிடைத்தபோது அரசுப் பள்ளிக்கு அவர்கள் திரும்பி வந்தனர்.

இத்திரும்புகையின் பயன் சிறிதன்று. தனியார் பள்ளிக் கட்டணத்துக்குச் சென்ற தொகை வீட்டில் நின்றது. பெண் குழந்தைகளைத் தொலைவிலுள்ள பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கு அருகிலேயே ஒரு பள்ளி வாய்த்தது. சிவாஜிநகரின் பட்டறைகளிலும் கடைகளிலும் உழைப்போரின் பிள்ளைகள் பிறர் மதிக்கும் சீருடையில் சென்றனர். இவற்றை மறைத்துச் சீரமைப்பின் குறைகளை மட்டும் கூறுவது நடுவுநிலை ஆகாது.

5. 2019: இரு கதவுகள் அடைபட்ட ஆண்டு

2019 சூனில் ஐ.எம்.ஏ. நிறுவனம் வீழ்ந்தது. அதன் தலைவர் நாட்டை விட்டு வெளியேறினார். சூலையில் தில்லி திரும்பியபோது கைது செய்யப்பட்டார். பணம் இழந்ததாக முறையிட்டோர் 40,000 பேருக்கு மேல். இழப்பு 4,000 கோடி ரூபாய் அளவினது எனக் கணிக்கப்பட்டது. வைப்பாளர் நலன் காக்கும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவனத்தின் சொத்துகள் முடக்கப்பட்டன. வழக்கு அவ்வாண்டிலேயே மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது.

கல்வியாண்டு தொடங்கிய மாதத்திலேயே நிறுவனத்தின் ஊதியம் பெற்ற ஆசிரியர்களுக்கு ஊதியம் நின்றது. பள்ளியின் பெயர்ப்பலகை அரசினுடையது. ஆயினும் அதன் ஆசிரியர்களுள் பெரும்பாலோர் அரசின் பதிவேட்டில் இல்லை. அரசுப் பணியிடம் என்பது ஆள் மாறினும் நிற்பது. கொடையாளரின் ஊதியம் என்பது கொடையாளரோடு முடிவது. கட்டடம் எஞ்சியது, ஆங்கிலவழி என்னும் பெயரும் எஞ்சியது. அதனைக் கற்பிக்கும் ஆசிரியர்தான் ஐயத்துக்கு இடமாயினர்.

இதே கல்வியாண்டில் வேறொரு மாற்றமும் நடைமுறைக்கு வந்தது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கியது. கர்நாடகத்தில் இவ்வொதுக்கீடு 2012-13 முதல் நடைமுறையில் இருந்தது. 2019-20 முதல், அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ அருகில் உள்ள இடங்களில் தனியார் பள்ளிகளில் இவ்வொதுக்கீடு கிடைக்காது என விதிகள் திருத்தப்பட்டன. அரசுப் பள்ளிகளைக் காப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. நெருக்கமான நகர்ப்பகுதிகளில் அருகே ஓர் அரசுப் பள்ளி இல்லாத தெரு அரிது. எனவே ஒதுக்கீட்டின் வழியே தனியார் பள்ளிக்குச் செல்லும் கதவு அடைபட்ட அதே ஆண்டில், சிவாஜிநகரின் சீரமைந்த அரசுப் பள்ளியும் நிலை தடுமாறியது.

இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கிய குடும்பத்தின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாத வருவாயாக வந்த தொகை நின்றது. மகளின் திருமணத்துக்கோ முதுமைக்கோ வைத்த முதலும் போயிற்று. கட்டணப் பள்ளிக்கு மாற்றக் கையில் பொருள் இல்லை. ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சி சேமிப்பிலும் பள்ளியிலும் ஒரே நேரத்தில் புகுந்தது. பள்ளி மூடப்படாமல் அரசுப் பள்ளியாகவே தொடர்ந்தது ஓர் ஆறுதல். அரசின் உடைமையாகப் பள்ளி இருந்தமையே அதனைக் காத்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

6. வீட்டின் மொழிநிலை

பொருள் இழப்பு கண்ணுக்குத் தெரிவது. பயிற்றுமொழி மாற்றத்தின் விளைவு மெல்லத் தெரிவது. தமிழ்வழியிலோ உருதுவழியிலோ சில வகுப்புகள் பயின்ற தாய், குழந்தையின் பாடநூலைத் தானே படித்துச் சொல்லிக்கொடுக்க இயன்றது. ஆங்கிலவழிப் பாடநூல் வந்தபின் அப்பணி தனிப்பயிற்சி ஆசிரியரிடம் செல்கிறது. பள்ளிக் கட்டணம் இல்லை எனினும் தனிப்பயிற்சிக் கட்டணம் உண்டு. பள்ளியில் ஆசிரியர் நிலையாக இருப்பின் இச்சுமை குறையும். ஆசிரியர் இல்லையெனில் பாடமும் வீட்டின் பொறுப்பாகிறது, வீடோ அம்மொழியை அறியாதது. ஆங்கிலவழி தொடங்கி ஆசிரியர் நிலைக்காத பள்ளி, தாய்மொழிவழியில் தளர்ந்த பள்ளியைக் காட்டிலும் குடும்பத்துக்குக் கடினமானது என்பது இதனால் பெறப்படும்.

எழுத்தறிவில் தமிழ், உருதுக் குடும்பங்களிடையே ஒரு வேறுபாடும் உண்டு. உருது பேசும் குழந்தை மக்தபில் அரபு எழுத்தைக் கற்பதால் உருது எழுத்துக்குப் பாதி வழி வந்துவிடுகிறது. தமிழ்க் குழந்தைக்கு அத்தகைய மாற்றிடம் குறைவு. ஆலயங்கள் சிலவற்றின் மறைக்கல்வியும், 1950 முதல் இயங்கிவரும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளின் வகுப்புகளுமே உள்ளன. அவையும் தேடிச் செல்வோர்க்கே கிட்டுகின்றன. தமிழ் இரட்டை வழக்கு மொழி. பேச்சுத் தமிழ் வீட்டில் வரும். எழுத்துத் தமிழ் பள்ளியால்தான் வரும். பள்ளி நீங்கியபின் சரளமாகப் பேசி, ஒரு வரியும் படிக்க இயலாத தலைமுறை உருவாவது இயல்பே. பெங்களூரில் இத்தலைமுறை முன்பே உருவாகிவிட்டது. பாட்டியின் வேண்டுதல் நூலும் ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழும் பேரனுக்கு வெறும் கோடுகளாகின்றன.

ஆயின் இவ்விழப்பைக் காட்டி ஆங்கிலவழியை நாடும் பெற்றோரைக் குறைகூறுதல் பொருந்தாது. தமிழ்வழியில் படித்தால் பத்தாம் வகுப்புக்குப்பின் கர்நாடகத்தில் எங்கே தொடர்வது என்னும் வினாவுக்கு அவர்களுக்கு விடை தரப்படவில்லை. அண்டை மாநிலத்துக்குச் செல்ல இயலாத குடும்பத்துக்கு ஆங்கிலம் ஒரு பகட்டன்று. வழி அடைபடாமல் இருப்பதற்கான ஏற்பாடு.

7. பிற இடங்கள்

சிவாஜிநகரின் நிலை தனித்ததன்று. கர்நாடக அரசே 2019-20இல் 1,000 அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அத்தகைய பிரிவுகள் 2010களின் தொடக்கத்திலேயே பரவலாயின. ஆந்திர அரசு 2019 நவம்பரில் தன் பள்ளிகளை முழுதும் ஆங்கிலவழிக்கு மாற்ற ஆணையிட்டது. 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது. மூன்றிலும் காரணம் ஒன்றே: வெளியேறும் பெற்றோரைத் தடுத்து நிறுத்துதல்.

அமெரிக்காவின் சிகாகோ நகரக் கல்வி வாரியம் 2013 மே மாதத்தில் மாணவர் குறைந்த ஏறத்தாழ 50 பள்ளிகளை மூட முடிவு செய்தது. அங்கே பயிற்றுமொழி சிக்கலன்று. எனினும் மூடப்பட்டவை பெரும்பாலும் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பள்ளிகள். புதிய பள்ளியின் தரத்தோடு, அதற்குச் செல்லும் வழியின் தொலைவும் பாதுகாப்பும் பெற்றோரின் கவலையாயின. நிர்வாகம் எண்ணிக்கையைக் கொண்டு முடிவெடுக்கும்போது அதன் நடைமுறைச் சுமை குடும்பத்தின்மேல் விழுவது பொது இயல்பு என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. சீரமைப்பின் மூன்று கூறுகளுள் கட்டடம் விரைவில் மாற்றத்தக்கது; கொடையால் பெறத்தக்கது; கொடையாளர் நீங்கினும் நிற்பது. ஆசிரியர் ஆண்டுதோறும் செலவுக்குரியவர், கொடையால் நிலைபெறாதவர். பயிற்றுமொழியோ ஒருமுறை மாறினால் மீளாதது. மாறிய பயிற்றுமொழிக்கு நிலையான ஆசிரியர் இல்லாதபோது அம்மாற்றத்தின் முழுச் சுமையும் குடும்பத்தைச் சேர்கிறது. சிவாஜிநகரில் 2019இல் வெளிப்பட்டது இதுவே.

ஆதலின், தனியார் உதவியால் ஒரு பள்ளி சீரமைக்கப்படுமாயின் அவ்வுதவி கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் உரியதாகவும், ஆசிரியர் ஊதியம் அரசின் நிலையான பதிவேட்டுக்கு உரியதாகவும் அமைதல் வேண்டும். ஆங்கிலவழி தொடங்கப்படும் அரசுப் பள்ளிகளில் மாநில மொழியோடு குழந்தையின் வீட்டுமொழியும் ஒரு பாடமாகவேனும் நிற்றல் வேண்டும். 1949ஆம் ஆண்டின் எண்ணிக்கை வரம்பு பயிற்றுமொழிக்காக வகுக்கப்பட்டது. மொழிப்பாடத்துக்கும் அதனைப் பொருத்தி, அருகருகே உள்ள பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் ஆசிரியரை அமர்த்துவதில் பெருஞ்செலவு இல்லை. சேர்க்கைப் படிவத்தில் ஒரு குழந்தை அறிந்த மொழிகள் அனைத்தையும் எழுத இடம் தருவது அதற்கு முதற்படியாகும். சிவாஜிநகர்க் குழந்தை பள்ளிக்கு வரும்போதே மூன்று மொழிகளைப் புரிந்துகொள்கிறது. அச்செல்வத்தைப் பதிவேட்டில் ஏற்காத பள்ளி, எத்துணைச் சீரமைந்தாலும் அதனைப் பயன்கொள்ள இயலாது.